இரண்டாவது கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு எங்கே போகிறது?

கணினி ஆட்டத்தில் ஒரு கார்டு நொடிக்கு 50 ஃபிரேம் (திரையில் வரும் முழுப் படம்) தந்தால், இரண்டு கார்டு 100 தருமா? "ஆட்டத்தைப் பொறுத்தது" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பதில் சரிதான். ஆனால் ஆட்டத்துக்குள் எதைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. அதைக் கையால் அளந்து பார்க்கத்தான் ஒரே மாதிரியான இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 கார்டுகளை ஒரே கேபினெட்டுக்குள் பூட்டினேன்.

இரண்டு கார்டை ஒன்றாகக் கோத்து ஓட்டும் என்விடியாவின் முறைக்கு எஸ்எல்ஐ என்று பெயர். அதன் காலம் முடிந்துவிட்டது என்பது தெரிந்ததே. 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல்களை (ஒவ்வொரு ஆட்டத்துக்குமான அமைப்புக் குறிப்புகளை) டிரைவரில் சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் இரண்டு கார்டையும் இணைக்கும் பிரிட்ஜுக்கான இடம்கூட இல்லை. ஆனால் அது ஏன் நின்றுபோனது என்று புரிய வேண்டுமானால், ஓடும் ஒரு ஜோடியைக் கண்முன் வைத்து அளப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2016-இல் வந்த 1080 இதற்குப் பொருத்தமான கார்டு. டிரைவரில் அதற்கான புரொஃபைல்கள் நிறைய இருக்கின்றன. ஒரு கார்டு தனியாகவே 4கே-யில் (3840×2160 பிக்சல்) ஓரளவு ஓடும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

பூட்டும் வேலை

முதலில் பார்க்க வேண்டியது லேன் கணக்கு. லேன் என்பது கார்டுக்குத் தகவல் போய்வரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. ஐ7 6700கே பிராசசரிலிருந்து கிராபிக்ஸுக்கு வருவது மொத்தம் 16 லேன். நான் எடுத்துக்கொண்ட இசட்170 மதர்போர்டு, இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு இருந்தால் அதை எட்டெட்டாகப் பிரித்துக் கொடுக்கும். மூன்றாவதாக ஒரு நீள ஸ்லாட்டும் இருக்கிறது. ஆனால் அதற்கு வருவது சிப்செட்டின் (மதர்போர்டிலுள்ள துணைச் சிப்பின்) 4 லேன்தான். எஸ்எல்ஐக்குக் குறைந்தது 8 லேன் வேண்டும். அதற்குக் கீழே டிரைவர் அந்தத் தேர்வையே காட்டாது. ஏஎம்டியின் இதேபோன்ற முறையான கிராஸ்ஃபயர் 4 லேனிலும் ஓடும். ஸ்லாட்டின் நீளத்தை நம்பாமல் மதர்போர்டு கையேட்டில் லேன் பட்டியலைத் தேடிப் படித்துவிடுவது நல்லது.

பூட்டியபின், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் லேன் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். சும்மா இருக்கும்போது அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1 வேகம் என்று காட்டும். பயப்பட வேண்டாம், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த மென்பொருளிலேயே இருக்கும் சிறு ரெண்டர் சோதனையை ஓடவிட்டால் 3.0-க்கு ஏறிவிடும்.

அப்புறம் பிரிட்ஜ். 1080-இன் தலையில் இரண்டு இணைப்பு முனைகள் இருக்கின்றன. முந்தைய தலைமுறைகளில் இரண்டாவது முனை மூன்று, நான்கு கார்டுகளைக் கோப்பதற்கு. இந்தத் தலைமுறையில் ஆட்டங்களுக்கு இரண்டு கார்டோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு முனைகளையும் ஒரே ஜோடிக்கே கொடுத்தார்கள். அதற்கான எச்பி (ஹை பேண்ட்விட்த்) பிரிட்ஜ் 650 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழைய வளையும் பிரிட்ஜ் 400-இல். எச்பி பிரிட்ஜ் வளையாது என்பதால் இரண்டு ஸ்லாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து அதற்கேற்ற அளவை வாங்க வேண்டும். நான் இடையில் ஒரு ஸ்லாட் அளவு காற்று போக இடம் விடும் பிரிட்ஜை எடுத்தேன். அந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பது வெப்பத்தை அளந்தபோது தெரிந்தது.

மின்சாரக் கணக்கு எளிது. கார்டு ஒன்றுக்கு 180 வாட், பிராசசருக்கு 91 வாட், மற்றவை கொஞ்சம். 750 வாட் பவர் சப்ளை தாராளம். ஒரே கேபிளின் இரட்டை நுனிகளை இரண்டு கார்டுக்கும் பகிராமல், ஒவ்வொன்றுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் இழுத்தேன். இரண்டும் ஒரே கணத்தில் எகிறும் ஜோடி இது, அதில் சிக்கனம் வேண்டாம்.

எதை அளப்பது

சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) மட்டும் பார்த்தால் இரட்டைக் கார்டு அமைப்பு எப்போதும் அழகாகத்தான் தெரியும். நான் பிரசன்ட்மான் என்ற அளவீட்டு மென்பொருளை ஓடவிட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி செகண்ட் என்று பதிவெடுத்தேன். அந்தப் பதிவில், ஆட்டம் ஃபிரேமை ஒப்படைத்த இடைவெளிக்கு ஒரு பத்தி, திரையில் உண்மையில் படம் மாறிய இடைவெளிக்கு இன்னொரு பத்தி. இரண்டு கார்டு ஓடும்போது இவை ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண் பார்ப்பது இரண்டாவதைத்தான். அதனால் அதையே எடுத்துக்கொண்டேன்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ காட்டியைத் திரையில் போடும் வசதி இருக்கிறது. பச்சைப் பட்டை ஏறி இறங்குவதை வைத்து இரண்டாவது கார்டு உழைக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். ஆட்டம் முழுத்திரை முறையில் ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டைரக்ட்எக்ஸ் 11-இல் (ஆட்டம் கார்டோடு பேசும் விண்டோஸ் இடைமுகம்) எழுதிய ஆட்டத்தை ஜன்னலுக்குள் ஓடவிட்டால் இரண்டாவது கார்டு தூங்கிவிடும்.

நல்ல செய்தி முதலில்

ஸ்னைப்பர் எலீட் 4-ஐ டைரக்ட்எக்ஸ் 12 முறையில், 4கே-யில் ஓடவிட்டபோது ஃபிரேம் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. எங்கும் உதறல் இல்லை. ரைஸ் ஆஃப் த டூம்ப் ரெய்டரும் 4கே-யில் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாக, ஆனால் மனநிறைவோடு விளையாடும்படி ஓடியது. ஒரு கார்டில் தடுமாறும் காட்சிகள் இரண்டில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, இந்த முறையில் ஒரு காலத்தில் ஏன் இவ்வளவு பேர் பணத்தைக் கொட்டினார்கள் என்பது புரிகிறது.

அதே ஆட்டங்களை 1080பி (1920×1080) ரெசல்யூஷனுக்கு இறக்கியதும் பலன் கரைந்துபோனது. இதற்குக் காரணம் கார்டு இல்லை, பிராசசர். கணக்காகப் பார்க்கலாம். ஒரு காட்சியைத் தயார்செய்து கார்டிடம் கொடுக்க பிராசசருக்கு 10 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எத்தனை கார்டு பூட்டினாலும் நொடிக்கு 100 ஃபிரேமைத் தாண்ட முடியாது. 4கே-யில் கார்டு ஒரு ஃபிரேமை வரைய 20 மில்லி செகண்ட் எடுத்தால், ஒரு கார்டில் 50, இரண்டில் 100. முழு இரட்டிப்பு. அதே காட்சி குறைந்த ரெசல்யூஷனில் 12 மில்லி செகண்டில் வரையப்பட்டால், ஒரு கார்டிலேயே 83 வந்துவிடும். இரண்டு கார்டு 166 தரத் தயாராக இருந்தாலும் பிராசசர் 100-இல் நிறுத்திவிடும். லாபம் 20 சதவீதம். அதனால் இரண்டாவது கார்டைப் பற்றி யோசிப்பவர், முதலில் ஒற்றைக் கார்டின் உழைப்பு 97, 98 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கட்டும். அது 70-இல் தள்ளாடினால் இன்னொரு கார்டு எதையும் மாற்றப் போவதில்லை.

வேலையைப் பிரிக்கும் விதம்

இரண்டு கார்டுக்கும் வேலையை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. 1998-இல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ2 கார்டுகள் வரிக்கு வரி பங்கு போட்டன. ஒரு கார்டு இரட்டைப்படை வரிகளை வரையும், மற்றது ஒற்றைப்படை. முக்கோணங்களை இடம் மாற்றிக் கணக்கிடும் வேலை அப்போது பிராசசரிடமே இருந்தது. கார்டின் சுமை பெரும்பாலும் பிக்சலை நிரப்புவதுதான். அதைப் பாதியாக வெட்டினால் நேரமும் பாதியாகும். இன்னொரு வசதி, ஃபிரேம் நினைவகமும் இரண்டாகப் பிரிந்ததால் ஒற்றைக் கார்டின் 800×600 வரம்பைத் தாண்டி 1024×768-க்குப் போக முடிந்தது. நினைவகம் உண்மையிலேயே கூடிய அரிய உதாரணம் அது.

3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கிய என்விடியா 2004-இல் ஜிஃபோர்ஸ் 6 வரிசையோடு எஸ்எல்ஐ பெயரை மீண்டும் கொண்டுவந்தபோது நிலைமை மாறியிருந்தது. முக்கோண வேலை கார்டுக்குள் வந்துவிட்டது. திரையை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்தால் பிக்சல் வேலை பாதியாகும், முக்கோண வேலையை இரண்டு கார்டும் முழுதாகச் செய்ய வேண்டும். அதனால் இரட்டிப்பு கிடைக்காது. அதற்கு மாற்றாக வந்ததுதான் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றிக் கொடுக்கும் ஏஎஃப்ஆர் முறை. ஒரு கார்டு 1, 3, 5-ஐயும் மற்றது 2, 4, 6-ஐயும் முழுதாக வரையும். எந்த வேலையும் இரண்டு முறை நடப்பதில்லை. காகிதத்தில் சரியான இரட்டிப்பு. ஏஎஃப்ஆர் ஜெயித்தது இதனால்தான், பின்னால் தோற்றதும் இதனால்தான் என்பது என் முடிவு.

நினைவகக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். இரண்டு கார்டும் முழு ஃபிரேமை வரைவதால் ஒரே டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) இரண்டிலும் இருந்தாக வேண்டும். 8 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்தால் ஆட்டத்துக்கு 8 ஜிபிதான்.

உதறல்

ஒரு ஆட்டத்தில் சராசரி 80-ஐத் தாண்டியும் கைக்கு ஏதோ ஒட்டவில்லை. பதிவைத் திறந்து பார்த்ததும் காரணம் பளிச்சென்று தெரிந்தது. இடைவெளிகள் குறுகியது, நீண்டது, குறுகியது, நீண்டது என்று மாறி மாறி வந்தன. 6 மில்லி செகண்டும் 18 மில்லி செகண்டும் மாறி மாறி வந்தால் சராசரி 12, அதாவது நொடிக்கு 83. ஆனால் கண் பிடித்துக்கொள்வது அந்த 18-ஐ. அது நொடிக்கு 55 ஃபிரேம் ஓடும் உணர்வு. இரண்டு கார்டும் சம இடைவெளியில் தொடங்காமல் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தால் இப்படித்தான் ஆகும். 2013-இல் என்விடியா எஃப்கேட் என்ற கருவியை வெளியிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வண்ணப்பட்டை பூசி, திரைக்குப் போகும் சிக்னலையே பிடித்து அளந்தபோது, சில வரிகள் மட்டுமே திரையில் தெரிந்து மறையும் குட்டி ஃபிரேம்கள் எண்ணிக்கையைப் பொய்யாக ஏற்றுவது வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஎம்டியும் ஃபிரேம் இடைவெளியைச் சமன்செய்யும் டிரைவரைக் கொண்டுவந்தது.

எனக்குக் கைகொடுத்தது ஃபிரேம் வரம்பு. ஜோடி எட்டும் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கீழே, ஃபிரேம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஆர்டிஎஸ்எஸ் மென்பொருளில் வரம்பு வைத்ததும், இடைவெளிகள் பெருமளவு சமமாகிவிட்டன. சராசரி குறைந்தது, ஆட்டம் மென்மையானது. இரட்டைக் கார்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இது என்பேன்.

வரம்பு தீர்க்காத ஒன்றும் உண்டு. 20 மில்லி செகண்டில் வரையப்படும் ஃபிரேம், ஜோடியிலும் 20 மில்லி செகண்டில்தான் வரையப்படுகிறது. ஃபிரேம்கள் அடிக்கடி வருகின்றன, ஒவ்வொன்றும் சீக்கிரம் வருவதில்லை. திரை 100 என்கிறது, மவுஸை அசைத்தால் 50-இன் தாமதம். வேகமாகச் சுடும் ஆட்டங்களில் இது நன்றாகவே தெரிந்தது.

முந்தைய ஃபிரேமைத் தேடும் ஃபிரேம்

நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். ஒரு திறந்தவெளி ஆட்டம் 4கே-யில் இரண்டாவது கார்டுக்குச் சொற்பப் பலனே கொடுத்தது. பிராசசருக்கு வேலை குறைவு, இரண்டு கார்டிலும் உழைப்பு அறுபதுகளில் நின்றது. யாரோ யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு அமைப்பாக அணைத்துக்கொண்டே வந்தேன். நிழல் தரத்தைக் குறைத்தேன், மாற்றமில்லை. பிரதிபலிப்பை அணைத்தேன், கொஞ்சம் அசைந்தது. டிஏஏ என்னும் விளிம்பு மென்மையாக்கத்தை அணைத்ததும் இரண்டு கார்டின் உழைப்பும் தொண்ணூறுகளுக்குத் தாவியது.

டிஏஏ, போன ஃபிரேமின் படத்தை எடுத்து இந்த ஃபிரேமோடு கலக்கிறது. ஏஎஃப்ஆரில் போன ஃபிரேம் இருப்பது பக்கத்துக் கார்டில். அதைக் கொண்டுவந்தாக வேண்டும். எவ்வளவு பெரியது அது? 4கே-யில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 8 பைட் வைத்தால் 66 எம்பி. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-இன் 8 லேன் நொடிக்குக் கிட்டத்தட்ட 7.9 ஜிபி கடத்தும். 66 எம்பி கடக்க 8.4 மில்லி செகண்ட். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் நம் கையில் இருப்பது 16.7 மில்லி செகண்ட். ஒரே ஒரு படத்தைச் சுமந்துவரவே அதில் பாதி போய்விடுகிறது! அதோடு முந்தைய கார்டு அந்தப் படத்தை முடிக்கும்வரை இது காத்திருக்கவும் வேண்டும். இரண்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிவிட்டு, ஒன்று அடி வைத்தபின்தான் மற்றது அடி வைக்கலாம் என்றால் வண்டி எப்படி ஓடும்?

1440பி-யில் அதே படம் சுமார் 29 எம்பி, 4 மில்லி செகண்டுக்கும் குறைவு. அதனால்தான் அந்த ஆட்டம் 4கே-யைவிட 1440பி-யில் நல்ல பலனைக் கொடுத்தது. ரெசல்யூஷன் ஏற ஏற இரண்டாவது கார்டு உதவும் என்ற பொதுவான நம்பிக்கை இந்த வகை ஆட்டங்களில் தலைகீழாகிறது. இது எனக்குப் புதிய பாடம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். டிஏஏ மட்டுமா முந்தைய ஃபிரேமைக் கேட்கிறது? பிரதிபலிப்பு, மூடுபனி, சுற்றொளி நிழல், டிஎல்எஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் முறை) எல்லாமே பழைய ஃபிரேமின் தகவலைச் சேமித்து வைத்து வேலையை மிச்சப்படுத்துகின்றன. ஒற்றைக் கார்டுக்கு அது பெரிய வரம். ஃபிரேம்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்கும்வரைதான் ஏஎஃப்ஆருக்கு வாழ்வு. எஸ்எல்ஐயை நிறுத்தியது ஒரு நிறுவனத்தின் விருப்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த அளவீட்டுக்குப் பிறகு நான் அப்படி நினைக்கவில்லை. படம் வரையும் முறையே மாறிவிட்டது.

புரொஃபைல் இல்லாத ஆட்டங்களில் என்விடியா புரொஃபைல் இன்ஸ்பெக்டர் என்ற மென்பொருளை வைத்து வேறொரு ஆட்டத்தின் பொருத்த எண்ணை (எஸ்எல்ஐ எப்படி ஓட வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லும் எண்) கொடுத்து ஏஎஃப்ஆரைத் திணிக்கலாம். திணித்துப் பார்த்தேன். சிலவற்றில் நிழல்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மின்னின, இன்னும் சிலவற்றில் ஒற்றைக் கார்டைவிட மெதுவாக ஓடியது. காரணம் மேலே சொன்னதுதான். அதில் நேரம் செலவழிக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

டைரக்ட்எக்ஸ் 12 வேறு பாதையைத் திறந்தது. எதை எந்தக் கார்டில் செய்வது, எதை எப்போது நகலெடுப்பது என்பதை டிரைவர் ஊகிக்காமல் ஆட்டத்தை எழுதுபவரே தீர்மானிக்கலாம். 2016-இல் வந்த ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டியில் ஏஎம்டி கார்டையும் என்விடியா கார்டையும் ஒன்றாகப் பூட்டி ஓடவிடவே முடிந்தது. ஆனால் இரண்டு கார்டு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்காக இத்தனை வேலை செய்ய எத்தனை ஸ்டூடியோ முன்வரும்? ஸ்னைப்பர் எலீட் 4-ஐ எழுதியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

வெப்பம்

இரண்டு கார்டும் பின்பக்கமாகக் காற்றை ஊதி வெளியேற்றும் வகை. ஜோடிக்கு இதுதான் சரி. மூன்று விசிறி வைத்த திறந்த வகை தனியாக இருக்கும்போது குளிர்ச்சியாக ஓடும், ஆனால் கீழ்க் கார்டின் சூட்டை மேல் கார்டு அப்படியே உறிஞ்சும். இந்த ஏற்பாட்டிலும் மேல் கார்டு 83 டிகிரியைத் தொட்டதும் கிளாக் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டது. கீழ்க் கார்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஏஎஃப்ஆரில் மெதுவான கார்டுதான் ஜோடியின் நடையைத் தீர்மானிக்கும் என்பதால் மேல் கார்டின் சூடு இருவருக்கும் தண்டனை. பக்கவாட்டில் ஒரு விசிறியை இரண்டு கார்டுக்கும் நடுவே பார்த்து வைத்ததும் மேல் கார்டு கிளாக்கை இறக்குவது வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது கார்டுக்கு வேறு வேலை

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் படம் வரையும் பகுதியான சைக்கிள்ஸில், எஸ்எல்ஐயை அணைத்துவிட்டு இரண்டு கார்டையும் தேர்ந்தெடுத்தால் ரெண்டர் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. அங்கே கார்டுகள் ஒன்றையொன்று கேட்பதில்லை.

ஆட்டத்துக்கு இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு, இடைப்பட்ட ஃபிரேம்களை உருவாக்கும் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள். மேல் கார்டு ஆட்டத்தை வரைகிறது. முடிந்த படம் கீழ்க் கார்டுக்குப் போகிறது. அது இரண்டு உண்மை ஃபிரேமுக்கு நடுவில் ஒரு புதிய ஃபிரேமை உருவாக்குகிறது. மானிட்டரின் கேபிள் கீழ்க் கார்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மேல் கார்டில் விட்டால் உருவாக்கிய ஃபிரேம்கள் எல்லாம் திரும்பவும் அதே பாதையில் ஏறி வர வேண்டியிருக்கும். ஆட்டம் எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்பதை விண்டோஸ் 11-இன் கிராபிக்ஸ் அமைப்பில் சொல்லிவிடலாம். பிரிட்ஜ் தேவையில்லை, ஒரே மாதிரிக் கார்டும் தேவையில்லை.

லேன் கணக்கு இங்கேயும் பேசுகிறது. முடிந்த 4கே படம் பிக்சலுக்கு 4 பைட் என்று 33 எம்பி. நொடிக்கு 60 என்றால் 2 ஜிபி. 8 லேனில் ஒரு படம் கடக்க 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். அதே கார்டை சிப்செட்டின் 4 லேன் ஸ்லாட்டில் போட்டால் 8 மில்லி செகண்டைத் தாண்டும், அது முழுக்கத் தாமதமாகக் கையில் தெரியும். உருவாக்கிய ஃபிரேம் கண்ணுக்குத்தான் மென்மை. அடுத்த உண்மை ஃபிரேம் வரும்வரை காத்திருந்து கலப்பதால் மவுஸின் தாமதம் குறைவதில்லை, கொஞ்சம் கூடுகிறது. கதை சொல்லும் ஆட்டங்களுக்கு இதை விட்டுவைத்திருக்கிறேன். சுடும் ஆட்டங்களுக்கு அணைத்துவிடுகிறேன். ஸ்னைப்பர் எலீட் 4-க்கு மட்டும் எஸ்எல்ஐயை மறுபடி இயக்கிவிடுகிறேன். அதற்காகவே பிரிட்ஜை இன்னும் கழற்றவில்லை.